ஆடிட்டில் பாஸான தோட்டம்

கருவி ஒன்று கையில் இருந்தால் சொந்த மூளையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிடலாம் என்று நான் மனதார நம்பிய காலம் ஒன்று உண்டு. (இப்போது முழுதாகத் திருந்திவிட்டேன் என்று சத்தியம் செய்ய மாட்டேன்.)

இரண்டாயிரத்துச் சொச்சம். துல்லியப் பண்ணையம் என்ற சொல்லே எங்கள் பக்கம் புதிது. அதை விவசாயிகளுக்குச் செய்துகாட்டும் ஒரு கம்பெனியில் சேர்ந்து எனக்கு மூன்று மாதம் ஆகியிருந்தது. மண் இறுக்கத்தை அளக்கும் கருவி என் பொறுப்பு. பார்க்க ஒன்றுமில்லை. நீளமான இரும்புக் கம்பி, நுனியில் சின்னக் கூம்பு, மேலே இரண்டு கைப்பிடி. கைப்பிடிக்கு அடியில் இருக்கும் சென்சாரில்தான் விஷயம். கம்பியை அமுக்கும்போது மண் எவ்வளவு எதிர்க்கிறது என்பதை அது உணர்ந்து, கழுத்தில் தொங்கும் பெட்டியில் எண்ணாகக் காட்டும். எண் ஏறினால் வேருக்கு வழியில்லை என்று பொருள். தோண்டாமலே பூமிக்குள் பார்க்கலாம். முதல்முறை அந்த எண்கள் ஓடியபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. அன்று முதல் அந்தப் பெட்டியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, ஸ்டெதஸ்கோப் மாட்டிய டாக்டர் நடையில்தான் நடந்தேன்.

வெள்ளகோவில் பக்கம் கந்தசாமியண்ணனுக்குத் தோட்டம். பதினெட்டு வருஷம் திருப்பூரில் பனியன் கம்பெனி சூப்பர்வைசராக இருந்துவிட்டு, அதை விட்டு விவசாயத்துக்குத் திரும்பியவர். இரண்டு வருஷமாகப் பருத்தி முழங்கால் உயரத்தோடு நின்றுபோனது. இந்தத் தடவையும் போனால் மறுபடி ஷிப்டுக்குப் போக வேண்டியதுதான் என்று அவர் மனைவி சரசக்கா போனிலேயே சொல்லியிருந்தார். அடிமண் இறுகியிருப்பது அளவில் தெரிந்தால், எங்கள் டிராக்டரே உளிக்கலப்பை பூட்டி ஆழமாகக் கீறிக்கொடுக்கும், இலவசமாக. மறுநாள் வண்டி தாராபுரம் போய்விடும்.

நான் போனபோது அக்கம்பக்கத்து விவசாயிகள் இருபது பேர் காத்திருந்தார்கள். தோட்டம் குளுகுளுவென்று ஈரமாக இருந்தது. செருப்பு புதைந்தது. நல்ல பராமரிப்பு என்று மெச்சிக்கொண்டேன். கம்பியை ஊன்றி அமுக்கினால், ஊத்துக்குளி வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கியது. இருபது இடத்தில் ஊன்றினேன். எங்கேயும் எண் ஏறவில்லை.

"அண்ணா, உங்க மண்ணுல ஒரு கொறையும் இல்லீங்க. பாஸ்" என்றேன்.

கந்தசாமியண்ணன் முகம் மலர்ந்தது. என் கையைப் பிடித்துக் குலுக்கினார். நான் ஒரு மந்திரியைப்போலக் கையசைக்க, கலப்பையோடு காத்திருந்த டிராக்டர் கிளம்பிப் போயே போய்விட்டது.

சரசக்கா மட்டும் வரப்போரம் குவிந்திருந்த காய்ந்த பருத்திமாரில் ஒன்றை உருவிக்கொண்டு வந்தார். போன வருஷத்துச் செடி. அதன் ஆணிவேர் ஒரு அடி நேராக இறங்கி, பிறகு சுவரில் முட்டியதுபோல் பக்கவாட்டில் திரும்பியிருந்தது.

"மண்ணு நல்லாருக்குதுன்னா இது ஏனுங்க தம்பி இப்படி?"

"அது வெதைக் கோளாறா இருக்குமுங்க அக்கா. சென்சார் பொய் சொல்லாதுங்க."

(அந்தக் குரலை இப்போது நினைத்தாலும் எனக்கே அறைய வேண்டும்போல் இருக்கிறது.)

அந்த நேரம் பார்த்து எங்கள் மேடம் ஜீப்பில் வந்து இறங்கினார். எனக்கு மேலதிகாரி. வேரைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், கடைசியாக என் செருப்பில் அப்பியிருந்த சேற்றைப் பார்த்தார்.

"இங்க மழை பெஞ்சுதா?"

"மழையெல்லாம் ஏதுங்க மேடம்" என்றார் கந்தசாமியண்ணன் பெருமையாக. "அளக்க வர்றீங்கன்னு மூணு நாளாத் தண்ணி பாய்ச்சுனனுங்க. கெணறே வத்திப்போச்சு. கம்பெனியில ஆடிட்டுன்னா சும்மா உடுவமாங்க? தரையக் கழுவி, ஆளுக்கொரு மாஸ்க்கு குடுத்து, ஒரு பாயிண்ட் கொறையாம பாஸ் பண்ணிருவனுங்க."

ஈரமானால் எப்பேர்ப்பட்ட மண்ணும் இளகிக்கொடுக்கும். எண் இறங்கிவிடும். படித்த பாடம்தான். ஈரத்தை அளக்க வேறொரு சென்சாரும் கொடுத்திருந்தார்கள். அது பையில் பத்திரமாக இருந்தது. போகட்டும், என் அப்பாவும் பனியன் கம்பெனி செக்கிங் மாஸ்டர்தான். சரக்கு எடுக்கும் வெளிநாட்டு பையர் வருகிறார் என்றால் பூந்தொட்டியை வாடகைக்கு வாங்கி வைக்கிற ஊரில் பிறந்தவனுக்கு இது தோன்றியிருக்க வேண்டாமா?

"தண்ணி பாயாத எடம் இருக்குதுங்களா?" என்று மேடம் கேட்டார். கிணறு வற்றியதால் வடக்கு மூலை மட்டும் தப்பியிருந்தது. அங்கே ஊன்றினேன். ஒரு அடி இறங்கிய கம்பி நின்றுவிட்டது. அமுக்கினேன். எண் ஏறியது, கம்பி நகரவில்லை. மொத்த உடம்பையும் கைப்பிடியில் சாய்த்தேன். என் இரண்டு காலும் தரையை விட்டுக் கிளம்பிவிட்டன. இருபது பேர் பார்க்க அந்தரத்தில் தொங்கினேன்.

"தம்பிக்கு மொதல்ல சோறு போடுங்க" என்றது கூட்டத்தில் ஒரு குரல். பெட்டி இதற்கு மேல் அளக்க முடியாது என்று கீச்சிட்டது.

கடப்பாரை போட்டு அங்கேயே தோண்டினார்கள். ஒரு அடிக்குக் கீழே மண் சிமெண்ட் தளம்போல் கிடந்தது. வருஷக்கணக்காக ஒரே ஆழத்தில் உழுததும் டிராக்டர் பாரமும் சேர்ந்து கட்டிய தளம். அதன்மேல் பழைய வேர்கள் நூல் நூலாக, உள்ளே போக வழி தேடிப் படுத்தவாக்கில் ஓடியிருந்தன. நான் திட்டு வாங்குவதைப் பற்றிய பயத்தையே மறந்து குழிக்குள் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். இத்தனை பெரிய பூட்டு காலடியில் கிடக்க, மேலே செடி ஒரு சத்தமும் போடாமல் முழங்கால் உயரத்தில் நின்றிருக்கிறது. கைப்பிடியில் இருந்த அந்தத் துளி சென்சார் அதைக் காட்டிக்கொடுத்தும் விட்டது. எனக்குக் கண் கலங்கியது.

கந்தசாமியண்ணன் குழிக்குள் இறங்கி அந்தத் தளத்தைக் கட்டைவிரலால் தடவினார். "செடியப் போயித் திட்டிட்டிருந்தனே சரசு" என்றார்.

"டிராக்டரத் திருப்பிக் கூப்புடட்டுங்களா மேடம்?" என்று கேட்டேன்.

"இந்த ஈரத்துல ஓட்டினா அடியில கீறாது. வண்டி பாரத்துக்கு இன்னும்தான் இறுகும். நிலம் காயட்டும். காஞ்சதும் கலப்பையைக் கூட்டிட்டு வர்றது உன் பொறுப்பு."

பத்து நாள் தாராபுரத்தில் ஒவ்வொரு விவசாயியாகக் கெஞ்சி, அவர்கள் முறையில் ஒரு நாளைக் கடன் வாங்கி, டிராக்டர் மட்கார்டில் உட்கார்ந்து வெள்ளகோவில் வந்து சேர்ந்தேன். உழுது முடித்த நாலாம் நாள் மழை பிடித்தது. அந்த வருஷம் பருத்தி சரசக்காவின் நெஞ்சளவுக்கு நின்றது. கந்தசாமியண்ணன் ஷிப்டுக்குப் போகவில்லை.

இந்தக் கதையைக் கேட்டு அதிகம் சிரித்தவர் என் அப்பாதான். அவருக்கு இப்போது சர்க்கரை. டெஸ்டுக்கு ரத்தம் கொடுக்கும் நாளுக்கு முன்னால் மூன்று நாள் ஜிலேபியைத் தொட மாட்டார், காலையில் நடையோ நடை. "மாமா தண்ணி பாய்ச்ச ஆரம்பிச்சுட்டார்" என்பாள் என் மனைவி. ரிசல்ட்டும் நார்மல் என்று வரும், அப்பா அதை அக்கம்பக்கத்தில் காட்டிவிட்டு வருவார். போன மாதம் டாக்டர், மூன்று மாதச் சர்க்கரையை ஒரே சொட்டில் சொல்லும் டெஸ்டை எழுதிக்கொடுத்தார். அந்தச் சீட்டை அப்பா இரண்டு தடவை படித்தார். பிறகு மெதுவாக, "இது ஒரு அடிக்குக் கீழயும் போகுமாடா?" என்று கேட்டார்.