எக்காளப் பறவைக்கு நான் வைத்த பெயர்

பறவைக்குப் பயப்படுகிறவள் பறவைப் பூங்காவில் வேலைக்குச் சேரக் கூடாது. நான் சேர்ந்தேன். (எங்கள் ஊர் புந்தோங்கில் பக்கத்து வீட்டுச் சேவல் முறைத்தால்கூட வேறு தெரு வழியாகப் போகிறவள் நான்.)

செமோர் பக்கம், பழைய ரப்பர்த் தோட்ட நிலத்தில் இருந்த தனியார் பூங்கா அது. கூண்டுகளுக்குத் தமிழிலும் மலாயிலும் பெயர்ப்பலகை எழுதுவது என் வேலை. மேலாளர் ஸ்டெல்லா அக்காவுக்குத் திருப்தியானால்தான் வேலை நிரந்தரம்.

இரண்டாவது வாரம் தென்னமெரிக்காவின் எக்காளப் பறவைகள் வந்து சேர்ந்தன. கறுப்பு உடல், கூன் முதுகு, நீண்ட கால். மூன்று வகை, மூன்று கூண்டு. கோழி மாதிரி இருந்ததால் ‘எக்காளக் கோழி’ என்றே எழுதினேன். எது எந்த வகை என்று தெரியாமல், குத்துமதிப்பாகப் பலகைகளை மாட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன்.

மறுநாள் காலை ஸ்டெல்லா அக்கா சொன்னார்: “பத்து மணிக்குப் பறவை ஆராய்ச்சி செய்யிற அம்மா வர்றாங்க. பேரு தப்பா இருந்துச்சுன்னா, நாளைக்கு நீ வர வேணாம் லா.”

பறவைகளோடு வந்த குறிப்புத் தாளைப் புரட்டினேன். மடக்கிய சிறகு முதுகுப் பக்கம் சாம்பலா, வெள்ளையா, கருமையா என்பதுதான் அடையாளம். ஆனால் நான் எந்தப் பக்கம் போனாலும் பறவைகள் என் முகத்தையே பார்த்து நின்றன.

தீனி வைக்கும் ஆரோக்கியம் அண்ணே தடுத்தார். “தங்கச்சி, நான் இல்லாம உள்ள போகாத லா. நாய் மாதிரி காவல் காக்கும். பாம்பையே கொத்திக் கொன்னுரும்.”

அவர் தீனி எடுக்கப் போனதும், முதுகைப் பார்க்க நான் முதல் கூண்டுக்குள் போனேன்.

இரண்டு பறவைகள் தலையைத் தாழ்த்திக்கொண்டு வந்தன. அலகு மூடியிருந்தது, சத்தம் மட்டும் வயிற்றிலிருந்து வந்தது. அந்த உறுமல் என் விலா எலும்பில் அதிர்ந்தது. கதவுப் பக்கம் ஒன்று போய் நின்றுகொண்டது. தீனி மேடைமேல் ஏறினேன். இன்னொன்று மேடையைச் சுற்றியது. அப்போதுதான் முதுகு தெரிந்தது: வெள்ளை! பலகையில் நான் எழுதியிருந்தது ‘சாம்பல் சிறகு’.

“அண்ணே! வெள்ள! வெள்ள!” என்று அலறினேன்.

அண்ணனோடு ஸ்டெல்லா அக்காவும் ஆராய்ச்சியாளர் அம்மாவும் ஓடி வந்தார்கள். அம்மா முதலில் பலகையைப் படித்தார், பிறகுதான் என்னைப் பார்த்தார்.

“இது கோழி இல்லம்மா. பெருங்கொக்குக்கும் கானாங்கோழிக்கும் சொந்தம்.”

“கானாங்கோழி கோழிதானே?” என்றேன் மேலிருந்து. (உயிர் போகும் நேரத்தில் வாதம்!)

“பேருலதான் கோழி. இதுல மூணு இனம்னு சிலர், அதுக்கு மேலன்னு சிலர். எங்களுக்குள்ளேயே இன்னும் சண்டை ஓயல.”

பறவை என் செருப்பைக் கொத்தியது.

“சண்டைய அப்புறம் பாக்கலாம், மொதல்ல அவள எறக்குங்க!” என்று ஸ்டெல்லா அக்கா கத்தினார். அண்ணே பப்பாளித் துண்டோடு உள்ளே வந்ததும், இரண்டும் பூனைக்குட்டி போல அவர் பின்னால் போய்விட்டன.

வேலை போகவில்லை, டிக்கெட் கவுண்டருக்கு மாற்றிவிட்டார்கள். கண்ணாடிக்குப் பின்னால் நிம்மதியாக இருக்கிறேன்.

வீட்டில்தான் நிம்மதி இல்லை, நடந்ததை என் கணவரிடம் சொல்லித் தொலைத்தேன். கல்யாண வீட்டில் யாராவது ஒருவரைக் காட்டி, “இவரு உனக்கு என்ன உறவு?” என்று என்னிடம் கேட்டால் போதும், என் கணவர் முந்திக்கொள்வார்:

“கொஞ்சம் பொறுங்க லா. முதுகப் பாக்காம அவ சொல்ல மாட்டா.”