அறுபத்திரண்டு வாய்கள்

ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில் மலாக்காவில் ஒரு மொழி ஆராய்ச்சிக் கூட்டத்தை முன்னின்று நடத்தியவன் நான் என்று பல மேடைகளில் குறிப்பிட்டிருக்கிறேன். அது பொய்யன்று. அந்தக் கூட்டத்தில் என்ன நடந்தது என்பதை மட்டும் எந்த மேடையிலும் குறிப்பிட்டதில்லை. என் மைத்துனன் ஆறுமுகம் அதை வாழ்நாள் முழுவதும் கண், காது, மூக்கு வைத்துச் சொல்லிவிட்டுப் போய்ச் சேர்ந்துவிட்டபடியால், எண்பது வயதைக் கடந்த இந்நிலையில் நானே திருத்தம் வெளியிட வேண்டியவனாகிறேன்.

அப்போது எனக்கு வயது இருபத்தாறு. தமிழ்ப்பள்ளி ஆசிரியன், கல்லூரியில் படித்தவன். (கஜா பேராங் வட்டாரத்தில் அப்படிச் சொல்லிக்கொள்ளக்கூடியவர்கள் இரண்டு பேர்தாம். மற்றவர் என்னோடு பேசுவதில்லை.) ஊரில் அரிசி இல்லை, துணி இல்லை, மூன்று வேளையும் மரவள்ளிக்கிழங்கு. இந்த நேரத்தில் மக்களுக்கு உடனடியாகத் தேவைப்படுவது மொழி ஆராய்ச்சியே என்று முடிவு செய்தேன்.

பழைய தமிழ் வணிகர் வழிவந்து, கஜா பேராங்கில் பல தலைமுறைகளாக வாழும் மலாக்கா செட்டிகள் கோயில் வழிபாட்டில் நம்மையே மிஞ்சுவார்கள். வீட்டில் பேசுவதோ ஒருவகை மலாய். அந்த மலாயில் அங்கங்கே தமிழ்ச் சொற்கள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அவற்றைத் திரட்டிக் கட்டுரை எழுதினேன். முன்னோர்க்குப் படையலிடும் ‘பார்ச்சு’ என்ற சடங்கின் பெயருக்கு மட்டும் பதினொரு பக்கம். அதை அறிஞர் அவையில் வாசிக்க வேண்டாமா? ஜப்பானிய அலுவலகத்தில் அனுமதி கேட்டேன். கொடுத்தார்கள். அதிகாரி ஒருவர் நேரில் வருவார், கூட்டத்தில் முப்பது பேருக்குக் குறையக்கூடாது என்பவை நிபந்தனைகள்.

தலைமை தாங்க எங்கள் தலைமையாசிரியர் இசைந்தார். அவருடைய மகளை எனக்குக் கொடுப்பது பற்றி அப்போது பேச்சு நடந்துகொண்டிருந்தது. ஆகவே, கட்டுரை சிறக்க வேண்டியது தமிழுக்கு மட்டுமே அவசியமாக இருக்கவில்லை.

ஆராய்ச்சி என்றால் ஆதாரம் வேண்டும். தாள் கிடைக்காத காலம். தோட்டத்து ஆபீசில் கூலியாட்களின் பெயரைப் பதியும் பழைய செக்ரோல் தாள்களை வாங்கித் தைத்து ஒரு பதிவேடு செய்தேன். ஒரு தாளில் பெயர், வயது, வீடு, தொழில், எதிர்த்தாளில் சொற்கள். அதை ஏந்திக்கொண்டு வீடு வீடாகச் சென்றேன். ஒவ்வொருவரையும் வாயைத் திறக்கச் சொல்லி, நாக்கு மேலண்ணத்தில் எங்கே படுகிறது என்று கைக்கண்ணாடி பிடித்துப் பார்த்துக் குறித்துக்கொண்டேன். கிழவர்களுக்குப் பல் இல்லை; உச்சரிப்பு தெளிவாக வராது என்று தள்ளினேன். அந்நியப் பெண்களை வாயைத் திறக்கச் சொல்ல என் வளர்ப்பு இடங்கொடுக்கவில்லை. ஆக, பதிவேட்டில் ஏறியவர்கள் பல் உறுதியாக உள்ள இளம் ஆண்கள் மட்டும். அறுபத்திரண்டு பேர்.

கூட்ட நாள் காலையில் கோயில் கொட்டகையில் நாற்பது நாற்காலிகள் போட்டுவிட்டு நின்றேன். தோக்கியோ நேரப்படி பத்து மணிக்குத் தொடக்கம். ஒன்பதரை வரை வந்தவர்கள் தலைமையாசிரியரும் ஒரு பூனையும். தபால் நிலையத்தில் வேலை பார்த்த நண்பன் ஆறுமுகத்தை வீடுகளுக்கு அனுப்பினேன். (அப்போது அவன் எனக்கு மைத்துனன் ஆகியிருக்கவில்லை. அந்த விபத்து பிறகு.) அவன் சைக்கிளில் வியர்த்து வந்து நின்றான்.

“வாத்தியாரே, ஒரு ஆம்பள இல்ல. பாதிப் பேரு புக்கிட் ரம்பாய் ரப்பர் காட்டுக்குள்ள பூந்துட்டானுங்க. மீதி உஜோங் பாசிர்ல சம்பான் படகுல ஏறிட்டானுங்களாம்.”

“எதற்காக?”

“ஒங்களுக்குப் பயந்து.”

“என் கட்டுரைக்கா?”

“கட்டுரையாம். செக்ரோல் தாள்ல பேரு எழுதினீங்க. வயசு எழுதினீங்க. மாடு வாங்கப் போனவன் மாதிரி பல்லப் புடிச்சுப் பாத்தீங்க. கெழவன எல்லாம் கழிச்சு விட்டீங்க. சயாம் ரயிலுக்கு ஆள் புடிக்கிறவன்கூட இவ்ளோ சுத்தமா செய்ய மாட்டான்லா.”

சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடிக்கிறார்கள் என்பதும், பெயர் எழுதி, உடம்பைப் பார்த்து, லாரியில் ஏற்றுகிறார்கள் என்பதும், போனவர்களைப் பற்றி ஒரு தகவலும் இல்லை என்பதும் எனக்கும் தெரியும். ஆனால் அந்தப் பட்டியலையும் என் பட்டியலையும் சேர்த்து நினைத்துப் பார்க்கும் அறிவு எனக்கு வரவில்லை. கல்லூரியில் அதற்குத் தனிப்பாடம் வைத்திருக்கவில்லை.

பத்து மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது கூட்டம் வந்தது. முப்பதுக்கு மேற்பட்ட செட்டிப் பெண்கள், கெபாயாச் சட்டை அணிந்து, கொண்டை ஊசி செருகி, வரிசையாக. முன்னால் தங்கம்மா. அவருடைய ஒரே மகன் என் பதிவேட்டில் ஏழாம் எண். (அருமையான நாக்கு.)

“நாமா பூவாங் டுலு,” என்றார் தங்கம்மா. முதலில் பெயரை எடு என்று பொருள். மேற்கொண்டு அவர் மலாயில் சொன்னதைத் தமிழில் தருகிறேன்: “என் மகன் பல்லு ஒனக்கு எதுக்கு? ஒன் வாயில பல்லு இல்லயா? ஒன் பேர எழுதிக்கிட்டு நீ போ.”

எல்லாப் பெண்களும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கினார்கள். அந்த இரைச்சலினூடே அதிகாரி உள்ளே நுழைந்தார். எல்லோரும் எழுந்து குனிந்தோம். அவர் ஓரளவு ஆங்கிலம் அறிந்தவர். பெண்கள் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டார். கட்டுரையின் மீது கருத்துரை வழங்குகிறார்கள் என்றேன். அவர் தலையசைத்தார். அத்துடன் நான் வாயை மூடியிருக்கலாம். மாறாக, தலைமையாசிரியரின் முகத்தை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே, என் ஆய்வுமுறையின் சிறப்பை விளக்கினேன். அறுபத்திரண்டு ஆண்கள், பதினெட்டு முதல் நாற்பது வயது வரை, வீடு, தொழில் உட்பட அனைத்தும் என் பதிவேட்டில் உண்டு என்றேன்.

அதிகாரி முதன்முறையாகப் புன்னகை செய்தார். “மிகவும் உபயோகமான ஆராய்ச்சி,” என்று கையை நீட்டினார். “அலுவலகத்துக்கு வேண்டும். பெயர்களைப் படித்துக் காட்ட ஆள் இருக்கிறது.”

தங்கம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனால் அந்தக் கை எதை நோக்கி நீண்டது என்பது தெரிந்தது. அவர் பேச்சை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

என் அறிவு அன்று முழுவதும் செய்த ஒரே வேலையை அப்போது செய்தது. “ஐயா, மன்னிக்க வேண்டும்,” என்றேன் ஆங்கிலத்தில். “இதிலுள்ள பெயர்கள் யாவும் கற்பனை. நான் ஒரு வீட்டுக்கும் போகவில்லை. வீட்டில் உட்கார்ந்தபடியே நானே எழுதிக்கொண்டேன்.”

அறை பளாரென்று விழுந்தது. என் மூக்குக்கண்ணாடி பூனையருகில் போய் விழுந்தது. இரண்டாவது அறைக்கு நான் ஆயத்தமாக இருந்ததால் அதில் புதுமை இல்லை. அதிகாரி பதிவேட்டை என் காலடியில் வீசிவிட்டு வெளியேறினார்.

ஆங்கிலம் அறியாத பெண்கள் கண்டதெல்லாம், ஆள்பிடிகாரன் ஒருவன் சரியாக வேலை செய்யாமல் எசமானிடம் உதை வாங்கிய காட்சி. அவர்களுக்கு மிகுந்த திருப்தி. ஆங்கிலம் அறிந்த தலைமையாசிரியரோ துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். “பொய்யா எழுதினீங்க? பார்ச்சுவும் பொய்தானா?” என்றார். அதிகாரியின் கார் இன்னும் கிளம்பவில்லை. வாய் திறந்து மறுக்க வழியில்லை. மறுநாளே பெண் பேச்சு நின்றது. நான் பின்னர் எத்தனை விளக்கம் கொடுத்தும், பொய்யை ஒப்புக்கொண்டவன் மறுபடி மெய் பேசுவான் என்று நம்ப அவர் ஆயத்தமாக இல்லை.

பதிவேட்டைத் தங்கம்மா அள்ளிக்கொண்டு போயிருந்தார். ஒரு வாரம் கழித்து, மகன் காட்டிலிருந்து திரும்பியபின், ஆறுமுகம் போய் நடந்ததை அவருக்கு விளக்கினான். அன்று மாலை அவரே மரவள்ளிக்கிழங்குப் பலகாரத்துடன் என் வீட்டுக்கு வந்தார்.

“சிக்கு,” என்றார், ஆசிரியரை அழைக்கும் மலாய் மரியாதையோடு. “கவலப்படாதீங்க. பேரு இருந்த பக்கத்த எல்லாம் கிழிச்சு அடுப்புல போட்டுட்டேன். ஒங்க வார்த்தங்க இருந்த பக்கத்தப் பத்திரமா வச்சிருக்கேன்.”

கண் கலங்க வாங்கிப் பிரித்தேன். அவருக்குத் தமிழ் எழுத்து தெரியாது. அறுபத்திரண்டு பெயர்களும், வயதும் முகவரியும், ஒன்றுகூடக் கசங்காமல் இருந்தன. எரிந்தவை சொற்கள்.

அவர் போனபின் பெயர்களை நானே அடுப்பில் போட்டேன். பலகாரம் நன்றாக இருந்தது என்பதையும் நேர்மை கருதிப் பதிவு செய்கிறேன்.

போர் முடிந்தபின் ஆறுமுகத்தின் தங்கையை மணந்தேன். அண்ணனிடம் கதை முழுவதையும் கேட்டுவிட்டுத்தான் அவள் சம்மதித்தாள். முதலிரவில் வாயை அகலத் திறந்து காட்டினாள். அன்று தொடங்கியது. இன்றுவரை என் வீட்டில் நான் பேனாவும் தாளும் எடுத்தால், திருமண அழைப்புப் பட்டியலே ஆனாலும், பிள்ளைகள், மருமக்கள், பேரர் அனைவரும் வரிசையாக நின்று பல்லைக் காட்டுகிறார்கள். சென்ற மாதம் கொள்ளுப்பேத்தியின் பெயரைக் குடும்ப ஏட்டில் எழுத உட்கார்ந்தேன். என் மகன் குழந்தையைத் தூக்கிவந்து, அதன் வாயை விரலால் மெல்லத் திறந்து காட்டினான்.

“இத விட்டுருங்கப்பா. பல்லே இல்ல.”

எழுதாமல் பேனாவை மூடிவைத்தேன். அறுபத்து மூன்றாவது பெயராக அவள் இருக்க வேண்டாம்.