லஸ்கர் எழுதிய ஏழு வரி

தஞ்சாவூர் ஜில்லாவிலேயே கம்ப்யூட்டரை ‘நீங்க, வாங்க’ என்று மரியாதையாக நடத்திய ஒரே மனிதர் எங்கள் லஸ்கர்தான்.

வாய்க்கால் மதகைத் திறந்து மூடுகிறவருக்கு எங்கள் பக்கம் லஸ்கர் என்று பெயர். அந்த வேலையிலிருந்து ஓய்வு பெற்று, கும்பகோணத்தில் காபித்தூள் கடை மாடியில் இருந்த எங்கள் சின்ன கம்பெனிக்கு வந்தார். சொந்தப் பெயர் ஆதார் அட்டையில் மட்டும் இருந்தது.

விவசாயி போன் செய்து, வாய்க்காலில் தண்ணீர் விட்டாயிற்றா என்று கேட்பார். ஒரு ஏஐ ஏஜெண்ட் பதில் சொல்லும். மதகுக்கு ஒருவராக நாங்கள் போட்டிருந்த ஆட்கள் காலையில் விவரம் அனுப்புவார்கள். அதைத் தேடி எடுத்துத் தர ஒரு கருவி செய்திருந்தோம். கருவியை எப்படிக் கையாள்வது என்று ஏஜெண்டுக்கு ஒரு குறிப்பு எழுத வேண்டும். வாய்க்கால் தெரிந்தவர் எழுதட்டுமே என்று லஸ்கரிடம் ஒப்படைத்தேன். வேறு வினையே வேண்டாம்.

முதல் வரி இப்படி இருந்தது: ‘வணக்கம். முதலில் வாய்க்கால் பெயரைக் கேளுங்க.’

“லஸ்கர், இது மிஷின். ‘கேள்’னு எழுதினா போதும்.”

“முன்ன பின்ன தெரியாத ஆளு சார். எடுத்த எடுப்புலயே நீ, வா, போன்னா எப்படி வேலை செய்யும்?”

வணக்கத்தை மட்டும் எடுக்கச் சம்மதித்தார். அதற்கே இரண்டு டீ ஆயிற்று.

அடுத்தது புது வாய்க்கால். அவர் கணக்குப்படி அந்தப் பெயரில் ஜில்லாவில் பதினோரு வாய்க்கால் உண்டு. “ஒண்ணுகூடப் புதுசு கிடையாது சார். எங்க தாத்தாவுக்கே வயசுல மூத்தது.” ஆகவே, ‘புது வாய்க்கால் என்று சொன்னால் எந்த ஊர் என்று கேட்காமல் தேடாதீங்க’ என்று எழுதினார். இதை நான் மறுக்கவில்லை. நியாயம்தான்.

ஆனால் மனிதருக்கு நிறுத்தத் தெரியாது. குறிப்பு நாற்பது பக்கத்துக்கு வளர்ந்தது. எந்த மதகு துருப்பிடித்தது, எந்தக் கரையில் பாம்பு உண்டு, எந்த மதகடியில் டீ நன்றாக இருக்கும், எல்லாம் வந்துவிட்டது. ஏஜெண்ட் அதையும் பயபக்தியோடு படித்துவிட்டு, தண்ணீர் கேட்ட ஒரு விவசாயியிடம், “தண்ணி நாளைக்கு வந்துடும்ங்க. அப்படியே மதகடிக் கடையில டீ சாப்பிடுங்க, நல்லாருக்கும்” என்றது. அவர் போய்ச் சாப்பிட்டுவிட்டு, சர்க்கரை ஜாஸ்தி என்று எங்களுக்கே போன் செய்தார்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. நாற்பது பக்கத்தை நாலு பக்கமாக வெட்டினேன். அவர் குறிப்பின் கடைசியில் ஏழு வரி இருந்தது. விவரம் வராமல் போனால் என்ன செய்ய வேண்டும் என்று நீட்டி முழக்கியிருந்தார். அதை எடுத்துவிட்டு, ‘பதில் காலியாக வந்தால் தண்ணீர் இல்லை என்று பொருள்’ என்று ஒரே வரியில் முடித்தேன். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

லஸ்கருக்கு ஒரு பழக்கம். ஏஜெண்ட் பேசியதையெல்லாம் தினமும் காலையில் பேப்பர் படிப்பது போலப் படிப்பார். ஒரு நாள் படித்துக்கொண்டிருந்தவர் எழுந்தே விட்டார். குடவாசல் பக்கம் ஆறு மா நிலத்தை, அதாவது இரண்டு ஏக்கரை, குத்தகைக்கு எடுத்த ஒரு அம்மா, நாற்று முற்றிக்கொண்டிருக்கிறது, தண்ணீர் வருமா என்று முதல் நாள் கேட்டிருந்தார். தண்ணீர் இல்லை என்று பதில் போயிருந்தது. லஸ்கர் மதகடிக் கடைக்குப் போன் போட்டு விசாரித்தார்.

“நேத்து காலையிலயே மதகு திறந்தாச்சு சார்! நம்ம ஆளு செல்லு தண்ணியில விழுந்துடுச்சாம். விவரம் அனுப்பல, அவ்வளவுதான்.”

அந்த அம்மா போனை எடுக்கவில்லை. லஸ்கர் வண்டியை எடுத்தார். பின்னால் நான் உட்கார்ந்தேன்.

நாங்கள் போனபோது, போர்வெல் வைத்திருந்த பக்கத்து நிலக்காரருக்கு நாற்றைக் கொடுத்துவிட்டிருந்தார் அந்த அம்மா. பாதி நாற்றங்காலைப் பறித்துக் கட்டியாயிற்று. சேதி கேட்டதும் மிச்சத்தைப் பறிக்காமல் நிறுத்தினார்கள். அந்த அம்மா எங்கள் பக்கம் திரும்பினார்.

“தண்ணி இல்ல இல்லன்னு அடிச்சு சொல்லுச்சே உங்க மிஷினு! இந்த நாத்த நம்பித்தானய்யா இருந்தேன்!”

லஸ்கர் செருப்பைக் கழற்றிவிட்டு வரப்பில் இறங்கிக் கைகூப்பினார். “மிஷின் மேல தப்பு இல்லம்மா. நான்தான் எழுதிக் குடுத்தேன். தெரியலன்னு சொல்ல வேண்டியதை இல்லன்னு சொல்ல வச்சுட்டேன். மன்னிச்சுக்கங்க.”

நான் அவருக்குப் பின்னால் நின்று செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் பார்க்க ஒன்றும் இல்லை.

மறுநாள் அந்த அம்மா வயலுக்குத் தண்ணீர் வந்து சேர்ந்தது. மிச்ச நாற்று மூன்று மாவுக்குத்தான் காணும். மற்ற மூன்று மாவுக்கு நாற்று வாங்க லஸ்கர்தான் அந்த அம்மாவோடு ஊர் ஊராக அலைந்தார். ஆபீசுக்குத் திரும்பியதும் என்னிடம் கேட்டது ஒன்றுதான்.

“சார், அந்த ஏழு வரியைப் போட்டுடலாமா?”

போட்டேன். அப்போதுதான் அதை முழுசாகப் படித்தேன். ‘விவரம் வரவில்லை என்றால் இல்லை என்று சொல்லிடாதீங்க. தெரியலை என்று சொல்லுங்க. அதில் உங்களுக்கு ஒரு குறைச்சலும் இல்லை’ என்று முடிந்திருந்தது.

அதற்குப் பிறகு ஒரு வருஷம் எங்களோடு வேலை பார்த்தார். ஒரு நாள்கூட என்னிடம் அதைச் சொல்லிக் காட்டவில்லை, வேறு யாரிடமும் சொல்லவும் இல்லை. அந்த ஒற்றை வரியை எழுதியவன் நான் என்று குடவாசல் அம்மாவுக்கு இன்றைக்கும் தெரியாது. போய்ச் சொல்லிவிடலாம் என்று நான் கிளம்பியபோதெல்லாம், “விடுங்க சார், திட்டு வாங்கினது நானு, எனக்கே மறந்துபோச்சு” என்று தடுத்துவிட்டார். அப்படி ஒருவரோடு வேலை பார்க்க எனக்குக் கொடுத்து வைத்திருந்தது.