பாயிண்ட்டுக்கும் வரி உண்டு

கிரிக்கெட் உலகக் கோப்பை தொடங்குவதற்குள் கடைக்கு ஒரு பெரிய டிவி வந்தே தீர வேண்டும். அலெக்சாண்டர் முடிவு செய்துவிட்டார். காசு கொடுத்து அல்ல, கிரெடிட் கார்டு பாயிண்ட்டில்.

பெங்களூரு விவேக் நகரில் அவர் நடத்தும் ஷாமியானா பந்தல் கடைக்கு நாற்காலி, துணி, ஜெனரேட்டர் டீசல் எல்லாம் அந்தக் கார்டில்தான். சேர்ந்திருந்த பாயிண்ட்டுக்கு டிவியும் கிடைக்கும், வாஷிங் மெஷினும் கிடைக்கும். இரண்டும் சேர்ந்து கிடைக்காது. வம்பே அங்கேதான்.

"ஏங்க, அந்தப் பாயிண்ட்ல வாஷிங் மெஷின் எடுத்துடலாமே? உங்க சட்டைக் காலரைத் தேச்சே என் கை தேஞ்சு போச்சு" என்றாள் மனைவி பிரிஜெட்.

அலெக்சாண்டர் முகத்தை ஆடிட்டர் மாதிரி வைத்துக்கொண்டார்.

"அது பிசினஸ் கார்டும்மா. பாயிண்ட் ஓனருக்குச் சொந்தம். வேற யாராச்சும் சொந்தத்துக்கு யூஸ் பண்ணா, அது சம்பளம் மாதிரி. இன்கம் டாக்ஸ்காரன் வாசல்ல வந்து நிப்பான்."

"ஓனரே எடுத்துக்கிட்டா?"

"ஓனரை எவன் கேப்பான்? அவர் இஷ்டம்!" நெஞ்சைத் தட்டிக்கொண்டார்.

"வேலை செய்றவங்க எடுத்தா?"

"தொட்டாலே டாக்ஸ்!"

"சேசுவே!" என்று சிலுவை போட்டுக்கொண்டாள் பிரிஜெட். இவ்வளவு சுலபமாக நம்பிவிட்டாளே என்று அவருக்கே பாவமாக இருந்தது. டீ குடித்து முடிக்கும்வரை அப்படி இருந்தது.

அடுத்த வாரம், மேட்ச் பார்க்க வரச் சொல்லி கூட்டாளிகளை எல்லாம் அழைத்துவிட்டு, கார்டு கம்பெனிக்குப் போன் போட்டார்.

"சார், உங்களுது ஆட்-ஆன் கார்டு. மெயின் கார்டு பிரிஜெட் மேடம் பேர்ல இருக்கு. பாயிண்ட் எல்லாத்தையும் மேடம் போன வாரமே எடுத்துட்டாங்களே!"

அப்போதுதான் உறைத்தது. வரி குறையும் என்று கடை லைசென்ஸ், பேங்க், கார்டு எல்லாவற்றையும் மனைவி பேரில் போட்ட மகா புத்திசாலி அவரேதான்.

வீட்டுக்கு ஓடினார். புது மெஷின் கடகடவென்று சுற்றிக்கொண்டிருந்தது.

"என்ன பிரிஜெட் இது?"

"நீங்கதானே சொன்னீங்க, ஓனர் இஷ்டம்னு?"

கூட்டாளிகள் முகத்தில் எப்படி விழிப்பது? டிவி போனால் போகிறது, சட்டையாவது வெளுக்கட்டும் என்று கழற்றி நீட்டினார்.

"ஸ்வல்ப இதையும் சேர்த்துப் போடும்மா."

பிரிஜெட் பதறிப்போய் மெஷினை மறைத்துக்கொண்டு நின்றாள்.

"ஐயையோ, நீங்க வேலை செய்றவரு! இதுல தோய்ச்சா உங்களுக்கு டாக்ஸ் வந்துடும்ங்க. பக்கெட்டும் சோப்பும் பாத்ரூம்ல இருக்கு."