செவ்வந்தி வைத்த ‘இல்லை’

ஒரு காட்டில் அரசாண்ட சிங்கத்துக்குத் திடீரென்று ஒரு சந்தேகம் வந்தது. குடிகள் தன்னை மெய்யாகவே நேசிக்கிறார்களா, பயந்துபோய்ச் சிரிக்கிறார்களா? வயிறு நிறைந்த ராஜாக்களுக்கு வருகிற சந்தேகம்தான்.

மந்திரி நரி மதிவாணன் வெளிக்காட்டில் பட்டம் வாங்கியவர். “கருத்துக்கணிப்பு எடுத்துவிடலாம், மகாராஜா” என்றார். ‘ராஜா நல்லவர்’, ‘ராஜாவின் கர்ஜனை காதுக்கு இனிமை’ என்றெல்லாம் எழுதி, பக்கத்திலேயே ‘ஆமாம்’, ‘இல்லை’ என்று கட்டம் போட்டுக் கொடுத்தார். எல்லா மிருகங்களும் ‘ஆமாம்’ கட்டத்தில் காலைப் பதித்துவிட்டு இரை தேடப் போய்விட்டன.

ராஜாவுக்குப் பரம சந்தோஷம். படித்த நரிக்குத்தான் உறுத்தல்.

“எல்லாமே புகழ்ச்சியாக இருந்தால் படிக்காமலே தலையாட்டிவிடுவார்கள், மகாராஜா. நடுவில் சிலதைத் திருப்பிப் போட வேண்டும். அதுதான் முறை.”

அடுத்த தாளில் ‘ராஜாவுக்கு இரக்கமே இல்லை’ என்றும் ஒரு வாக்கியம் இருந்தது. எருமை கருப்பாயி வழக்கம்போல எல்லாவற்றுக்கும் ‘ஆமாம்’ வைத்தாள். வரிசையில் நின்ற மற்றவர்களும் அப்படியே.

மான் செவ்வந்தி மட்டும் நின்று படித்தாள். போன மழைக்கு ஆற்றோடு போன அவள் குட்டியைக் கவ்விக் கரை சேர்த்தவர் ராஜா. அவருக்கா இரக்கமில்லை? ‘இல்லை’ கட்டத்தில் குளம்பை அழுத்தி வைத்தாள்.

மதிவாணன் ‘ஆமாம்’களை மட்டும் எண்ணினார். வாக்கியத்தைத் திருப்பிப் போட்டால் மதிப்பெண்ணையும் திருப்பிப் போட வேண்டும் என்பது மறந்துபோயிற்று. காடே முழு மதிப்பெண். செவ்வந்தி மட்டும் குறைவு.

“இவள் ஒருத்திதான் எனக்கு விரோதியா?” என்று அவளை வரவழைத்து உறுமினார் ராஜா.

“ஐயோ ராஜா, கேள்வியைப் படிச்சுப் பாருங்க! உங்களுக்கு இரக்கமே இல்லைன்னு போட்டிருந்தது. அதைத்தான் இல்லைன்னேன்!”

ராஜா முதல்முறையாகத் தாளை வாங்கிப் படித்தார். முகம் மாறியது. மெல்லத் திரும்பி நரியைப் பார்த்தார்.

நரி ராஜாவின் காதருகே எட்டிக் கிசுகிசுத்தார். “மான் சொல்வது சரியென்றால், காடே உங்களை இரக்கமற்றவர் என்கிறது. மான் தப்பு என்றால், காடே உங்களை நேசிக்கிறது. எதை அறிவிக்கட்டும், மகாராஜா?”

ராஜா அதிகம் யோசிக்கவில்லை. மதியச் சாப்பாட்டுக்கும் அதுவரை வேறு ஏற்பாடு ஆகியிருக்கவில்லை.

மாலையில் முரசு அறைந்தார்கள். ராஜாவை நேசிப்பவர்கள் நூற்றுக்கு நூறு. கணிப்பில் இருந்த ஒரே பிழையும் நீக்கப்பட்டுவிட்டதாக மதிவாணன் அறிக்கை வாசித்தார்.

நீதி: கேள்வியைப் படித்துப் பார்த்துப் பதில் சொல்லாதீர்கள், கேட்டவரே அதைப் படித்திருக்க மாட்டார்.