மூன்று ஊர் ஹவுசி

"நம்பரே இங்க இன்னும் வர்ல. சாரா அக்கா மட்டும் எப்டிபா ‘ஹவுஸ்’ அமுக்குது?" என்று எண்ணூர் ஹாலைப் பார்த்துக்கொள்ளும் டென்னிஸ் போனில் கேட்டதும், ராயபுரம் ஹாலில் லியோனார்ட் லேப்டாப்பை முன்னால் இழுத்துக்கொண்டான்.

மாதா கோயில் திருவிழா ஹவுசி, கூப்பிடும் நம்பரைச் சீட்டில் அடிக்கும் ஆட்டம். ராயபுரத்தில் கூப்பிடும் நம்பர் எண்ணூர், திருவொற்றியூர் ஆட்களின் போனிலும் விழும். காகிதச் சீட்டை முதலில் அடித்து முடிப்பவர் போனில் ‘ஹவுஸ்’ அமுக்கினால் குக்கர் பரிசு. யாருக்கு எது, எந்த வரிசையில் போகவேண்டும் என்று நடுவில் நின்று பார்த்துக்கொள்ளும் மென்பொருள் லியோனார்டின் கைவண்ணம்.

வீட்டிலும் அவனுக்கு அதே உத்தியோகம்தான். ஒரு ஞானஸ்நான விருந்தில் மட்டன் துண்டு குறைந்ததிலிருந்து அவன் அம்மா பிலோமியும் எண்ணூர் பெரியம்மா சாராவும் பேசிக்கொள்வதில்லை. சேதியெல்லாம் அவன் வழியாகத்தான். ஒரே ஆட்டத்திலாவது இருவரையும் உட்காரவைக்கத்தான் இத்தனை பாடும்.

அம்மா ஹால் மூலையில் முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டு முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். தனக்காக ஜெபமாலை சொல்கிறாள் என்று அவன் நினைத்துக்கொண்டான்.

எண்ணூருக்கு நம்பர் கொஞ்சம் தாமதமாகப் போவது தெரிந்ததே. வராத நம்பரைப் பெரியம்மா எப்படி அடிக்கிறாள்? வரிசை குழம்புகிறதோ என்று, வரிசை தப்பி வரும் நம்பரை நிறுத்திவைக்கும்படி செட்டிங்கை மாற்றினான். எண்ணூர் இன்னும் பின்தங்கியது. சாரா இன்னும் முந்தினாள்.

எல்லா ஹாலும் ‘வந்துச்சு’ என்று பட்டன் அமுக்கிய பிறகே அடுத்த நம்பர் என்று வைத்தான். திருவொற்றியூரில் அமுக்கவேண்டிய சாலமன் டீ குடிக்கப் போயிருந்தார். ஆட்டம் நின்றது. ராயபுரம் பிரியாணி அண்டாவைத் திறந்துவிட்டது.

பதில் வராத ஹாலைத் தாண்டிப் போகச் சொன்னான். திருவொற்றியூர் மொத்தமும் ஆட்டத்தைவிட்டு உதிர்ந்தது. அடுத்த குக்கரும் சாராவுக்கே.

"திருட்டு ஆட்டம்னு பேசிக்கிறாங்கபா," என்றார் டென்னிஸ். "அக்கா கோச்சிகினு செருப்பு மாட்டுது. இப்ப போச்சுன்னா இனிமே உங்க வூட்டுப் பக்கமே வராது."

லியோனார்ட் லேப்டாப்பின் மேலேயே தலையைச் சாய்த்துவிட்டான். ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்த மைக்செட்டுக்காரர் சௌக்கத் அலி குனிந்து அவன் காதில் சொன்னார்:

"நைனா, உன் டப்பால ஒரு கோளாறும் இல்ல. உங்கம்மா ஜெபமும் பண்ல. முந்தானைக்குள்ள போனு, சாரா அக்காவுக்கு இங்கேர்ந்தே நம்பர் சொல்லிகினு கீறாங்க."