உலகம்மாளைக் கொன்றுதவும்படி ஒரு விண்ணப்பம்

திருச்செங்கோடு,
வெகுதானிய வருஷம், ஆடிக் கடைசி

கனம் பத்திராதிபர் அவர்கள் சமூகத்துக்கு, ஜவுளி வியாபாரம் செங்கோடன் கைகூப்பி எழுதிக்கொண்டது. தாங்களும் தங்கள் குடும்பமும் அச்சாபீஸ் சிப்பந்திகளும் சுகமாய் இருக்க எங்கள் மலைமேல் இருக்கும் அர்த்தநாரீசுவரர் அருள்வாராக. அவர் தம் உடம்பில் பாதியைத்தான் பெண்சாதிக்குக் கொடுத்தார். தங்கள் பத்திரிகைக்குச் சந்தா கட்டிய குற்றத்துக்கு நான் மீதிப் பாதியையும் கொடுத்துவிட்டு நிற்கிறேன். இவ்விடத்தில் என்னைத் தவிர எல்லோரும் சௌக்கியம்.

விஷயம், தாங்கள் வாராவாரம் வெளியிடும் ‘ஒரே அடுப்பு’ என்ற தொடர்கதை. திருநெல்வேலிச் சீமையில் பேச்சியம்மாள், உலகம்மாள் என்று இரண்டு சிநேகிதிகள். புருஷன்மார் கொழும்புக்குப் போய்விட, இவர்கள் நடுச்சுவரை இடித்து, ஒரே அடுப்பில் சமைத்து, ஒருத்தி அழுதால் இன்னொருத்தி மூக்கைச் சிந்தி, வெகு அந்நியோன்னியமாய் வாழ்கிறார்கள். கதையில் தலைகாட்டுகிற ஒரே ஆண்பிள்ளை தபால்காரன். அவனுக்கும் மோரைக் கொடுத்து வாசலோடு அனுப்பிவிடுகிறார்கள். அடுத்தடுத்து வீடுகள் சேர்ந்த எங்கள் வளவில் அப்போது எழுத்துத் தெரிந்த பெண் யாருமில்லை. ஆகையால் வெள்ளிக்கிழமை கடை சாத்தியதும் பெண்கள் என் வீட்டுக் கூடத்தில் கூடுவார்கள், நான் நாற்காலியில் உட்கார்ந்து உரக்க வாசிப்பேன். பேச்சிக்கு ஒரு குரல், உலகத்துக்கு ஒரு குரல். கடையில் நான் சொல்கிற விலையை நம்பாத அதே பெண்கள், நாற்காலியிலிருந்து நான் சொல்வதை வாயைப் பிளந்துகொண்டு கேட்பார்கள். இந்த வயதில் எனக்குக் கிடைத்த முதல் மரியாதை அது என்று வைத்துக்கொள்ளுங்கள். வாசித்து முடித்ததும் என் மனைவி கமலவேணியும் பக்கத்து வீட்டு ராமாத்தாளும் புஸ்தகத்தை வாங்கி விளக்கடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்ப்பார்கள். எழுத்துத் தெரியாதவர்களுக்கு அதில் என்ன இருக்கிறதென்று நான் விசாரித்ததில்லை. தங்கள் சித்திரக்காரர் உலகம்மாளுக்கு இரண்டு பக்கமும் மூக்குத்தி போட்டுவிட்டாராம். அதைப் பார்த்து என் வீட்டிலும் இரண்டாவது மூக்குத்தி கேட்டாயிற்று, ஆசாரியிடம் சொல்லியும் ஆயிற்று. அதுவரைக்கும் என் வயிறு எரிந்ததே தவிர காயவில்லை.

சித்திரையில் ஒருநாள் கடையிலிருந்து வந்து பார்த்தால், பொடக்காளியில், அதாவது கொல்லைப்புறத்தில், எங்கள் வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவே நின்ற மண்சுவரில் எருமை நுழைகிற அளவுக்கு ஓர் ஓட்டை. ஓட்டைக்கு அந்தப் பக்கம் ராமாத்தாளின் புருஷர் மணியன், என்னைப் போலவே, சட்டையைக் கூடக் கழற்றாமல் நின்றுகொண்டிருந்தார்.

“என்னுங்க மச்சான் இது?” என்றார் அவர்.

“நம்மூட்டு அடுப்பை எடுத்தாச்சுங்க,” என்றாள் கமலவேணி என்னிடம். “இனி அக்கா ஊட்டுலதான் சமையலு. ஒரு வெறகுல ரெண்டு ஊடு சோறு உங்கலாம்.”

“என்னைய ஒரு வார்த்தை கேட்டயா?”

“பேச்சி ஆரையுங்க கேட்டா?”

“பேச்சி ஊட்டுக்காரன் கொழும்புல இருக்கறான். நான் இங்க நிக்கறனே.”

ஓட்டை வழியாக ராமாத்தாளின் தலை வந்தது. “கொழும்புக்குப் போறதுன்னா எங்கூட்டுக்காரரையும் கூட்டிட்டுப் போங்கண்ணா. தொணைக்கு ஆச்சு.”

ஐயா, மணியன் நல்ல மனுஷர். அவர் வயிறுதான் நல்ல வயிறு இல்லை. உள்ளே புண் என்று சொல்லி வைத்தியர் மிளகாயை அடியோடு நிறுத்திவிட்டார். ஒரே அடுப்பென்றால் ஒரே குழம்பு. கொள்ளுப் பருப்பில் மிளகாய் கிடையாது, ரசத்தில் கிடையாது, துவையலில் கூடக் கிடையாது. எனக்கு வந்த நோயில்லை, எனக்கு எழுதிய பத்தியமில்லை, ஆனாலும் நான் அனுசரிக்கிறேன். வரமிளகாயை மடியில் முடிந்துகொண்டு போய்க் கடையில் துணிக்கட்டுகளுக்குப் பின்னால் நின்று ரகசியமாய்க் கடிக்கிறேன். கண்ணில் நீர் வழிய வெளியே வருவதைப் பார்த்துவிட்டு, செங்கோடனுக்கு வியாபாரம் நொடித்துவிட்டது, பாவம் தனியாய் அழுகிறான் என்று கடைவீதி முழுக்கப் பேச்சாகி, நூல் கொடுக்கிறவர்கள் கைக்குக் காசு கேட்கிற அளவுக்கு வந்துவிட்டது. இதற்கெல்லாம் காரணம் திருநெல்வேலிச் சீமையில் இருக்கிற இரண்டு பெண்பிள்ளைகள், அவர்களும் இல்லாத பெண்பிள்ளைகள், என்று நான் யாரிடம் போய்ச் சொல்வேன்?

ஆகையால், ஆடி முதல் வெள்ளிக்கிழமை நான் உலகம்மாளைக் கொன்றேன்.

சிநேகிதி செத்தால் சிநேகிதம் போகும், சிநேகிதம் போனால் சுவர் எழும்பும், சுவர் எழும்பினால் மிளகாய் வரும் என்று என் கணக்கு. தாங்கள் அச்சிட்ட பிரகாரம் அந்த வாரம் இருவரும் சந்தைக்குப் போய் எருமை பிடித்துக்கொண்டு சந்தோஷமாய் வீடு திரும்புகிறார்கள். நான் வாசித்த பிரகாரம் திரும்பும் வழியில் தாழம்புதரிலிருந்து ஒரு நாகம் வந்தது. அச்சில் இல்லாத நாகம், நானே விட்டது. கொத்தியவுடன் முடித்திருக்க வேண்டும். நாற்காலியில் உட்கார்ந்தால் எனக்குக் கொஞ்சம் அதிகமாய் வந்துவிடுகிறது. பேச்சியின் மடியில் உலகத்தைச் சாய்த்து, “அடுப்ப அணைய விட்டுராதட்டீ, பேச்சீ” என்று சொல்ல வைத்துவிட்டேன். கூடம் முழுக்க அழுகை. என் பொய்க்கு நானே அழுதேன் என்றால் தாங்கள் நம்பவேண்டும். அந்த ஒரு வாக்கியத்தால் சுவர் எழும்பாமல் போனது, அடுப்பு நிரந்தரமானது. இரண்டு நாள் கழித்துக் கமலவேணியும் ராமாத்தாளும் கடைக்கு வந்தார்கள்.

“உலகத்துக்குக் கூடப் பொறந்தவன் இல்லீங்களேண்ணா,” என்றாள் ராமாத்தாள். “கோடி ஆரு போடறது?”

கல்யாணமானவள் இறந்தால் பிறந்த வீட்டார் புதுப்புடவை கொண்டுவந்து மேலே போர்த்துவது எங்கள் பக்கத்து வழக்கம். அதைத்தான் கேட்கிறாள்.

“கதையில வாரவளுக்கு எதுக்கு அம்மிணி கோடி?” என்றேன்.

“நீங்கதான படிச்சீங்க,” என்றாள் கமலவேணி. “அதுல கோடின்னு ஒரு சொல்லு வந்துச்சுங்களா?”

வரவில்லை. விட்டுப்போனது என் பிழை, அதை வெளியே சொல்லவும் முடியாது.

“சுமங்கலியாப் போனவ. அந்த அரக்குப் பட்டுக்கரையில ரெண்டு எடுங்க. மேல போட ஒடம்பு இல்லீன்னா சுமங்கலிக ரெண்டு பேரு உடுத்துக்கோணுமாமா.”

எந்தச் சாஸ்திரத்தில் என்று கேளாமலே இரண்டையும் எடுத்து வைத்தேன். எங்களுக்குத் தெரிந்த சுமங்கலிகள் இரண்டு பேர் அங்கேயேதான் நின்றார்கள். புடவையோடு போயிற்றா? அடுத்த வாரம் காரியம் என்று சொல்லி, வடை பாயசத்தோடு வளவு முழுக்க என் செலவில் சாப்பிட்டது. அந்த வடையிலும் மிளகாய் இல்லை.

இப்படியிருக்க, செத்தவள் தங்கள் பத்திரிகையில் வாராவாரம் எருமை கறக்கிறாள், மோர் கடைகிறாள், கொஞ்சமாவது வெட்கமில்லாமல் சிரிக்கிறாள். அவள் பேசுகிற இடத்தையெல்லாம் நான் விழுங்கிவிட்டுப் பேச்சி பேசுவதை மட்டும் வாசிக்கிறேன். “அய்யோ பாவம், பேச்சி தானாப் பேச ஆரம்பிச்சுட்டா,” என்று பெண்கள் உச்சுக்கொட்டுகிறார்கள். எதிரே யாரும் இல்லாமல் ஒருத்தியை எருமை விலை பேச வைக்கிற கஷ்டம் தங்களுக்குத் தெரியாது.

இதையும் சமாளித்துக்கொண்டிருப்பேன். ஆனால் ராமாத்தாள் மகனுக்கு ஆனிக் கடைசியில் கல்யாணமாயிற்று. மருமகள் பாவாயி ஈரோட்டில் எட்டாவது வரை படித்தவளாம். ஆடிக்கென்று தாய்வீடு போயிருக்கிறாள். ஆவணி பிறந்ததும் வந்துவிடுவாள். வந்தவள் பத்திரிகையை ஒருமுறை புரட்டினால் போதும், என் நாற்காலி போயிற்று. கடையில் என் விலையையும் நம்பாமல், வீட்டில் என் வாயையும் நம்பாமல், மிளகாயும் இல்லாமல் நான் எங்கே போவேன்? ஆகையால் தாங்கள் தயவுசெய்து ஆவணி முதல் இதழிலேயே உலகம்மாளைக் கொன்றுவிட வேண்டியது. நாகம் கடித்து, தாழம்புதர் ஓரமாய். கடைசிப் பேச்சை மேலே எழுதியிருக்கிறேன், அப்படியே போட்டுக்கொள்ளலாம், நான் கூலி கேட்கமாட்டேன். அதோடு, ‘ஆடி மாதம் முழுவதும் உலகம்மாள் உயிரோடு நடமாடியது பேச்சியின் கனவு’ என்று பெரிய எழுத்தில் ஓர் அறிவிப்பும் போடவும். ஒரு சம்சாரியின் மானம் தங்கள் பேனா முனையில் இருக்கிறது.

தங்கள் மை வற்றாமலும், தங்கள் வீட்டு அடுப்பு என்றென்றும் தங்கள் வீட்டிலேயே எரியவும் பிரார்த்திக்கும்,

செங்கோடன்

பின்குறிப்பு: மேலே கண்டது எதையும் செய்யவேண்டாம். இதை உறையில் போடும் சமயம் கமலவேணி வந்துவிட்டாள். “ஆருக்குங்க கடுதாசி?” என்றாள். கரூர் நூல் வியாபாரிக்கு என்றேன். அவள் இந்த வாரத்துப் பத்திரிகையைக் கடிதத்தின்மேல் விரித்து ஒரு படத்தில் விரலை வைத்தாள்.

“இதாருங்க எருமை கறக்கறது?”

“பேச்சி.”

“பேச்சிக்கு மூக்குத்தி ஒண்ணுதானுங்க.”

மீதியையும் அவளே சொன்னாள்: “நீங்க படிச்சப்ப நெசமாத்தானுங்க அழுதோம். பொறவு பொஸ்தகத்தை வாங்கிப் பாத்தா, செத்தவ ஊட்டு வாசல்ல எருமையோட பல்லைப் புடிச்சுப் பாத்துட்டு நிக்கறா.”

“அப்பறம் எதுக்குடி கோடி?”

பொடக்காளி ஓட்டையிலிருந்து பதில் வந்தது: “கொன்னவங்க போடறதுதானுங்கண்ணா மொறை.”

பாவாயி வந்தால் இனி அவள்தான் வாசிப்பாளா என்று மெல்லக் கேட்டேன். “அவ எழுத்தைப் படிப்பா. பாம்பு உட அவளுக்குத் தெரியுமுங்களா?” என்றாள் கமலவேணி. “மொதல்ல அவ படிக்கட்டும். பொறவு நீங்க நாற்காலில உக்காந்து உங்களுதைச் சொல்லுங்க.”

ஆகவே உலகம்மாள் நூறு வயசு இருக்கட்டும். ஒரு சகாயம் மட்டும் செய்யவும். கொழும்பிலிருந்து அந்தப் புருஷன்மாரில் ஒருவனை வரவழைத்து, அவனுக்கு ஒரே ஒரு வேளை மிளகாய் கிள்ளிப் போட்ட குழம்பு ஊற்றச் சொல்லவும். இவர்கள் எழுத்தை நம்புவதில்லை. சித்திரக்காரரிடம் சொல்லி அந்த மிளகாயைக் கொஞ்சம் பெரிதாகவே வரையச் செய்யவும்.